அம்மாவுக்கு வந்திருப்பது டிமென்ஷியாவா, அல்சைமரா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 71. நாற்பது வருடம் தையல் மெஷினோடு வாழ்ந்தவர். ஒரு வருடமாகவே சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். போன மாதம் பேரனுக்குச் சட்டை தைத்தவர், இரண்டு கையையும் வலது பக்கமே வைத்துத் தைத்துவிட்டு, என்ன தப்பு என்று பிடிபடாமல் வெகுநேரம் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் பார்த்த டாக்டர் சீட்டில் 'டிமென்ஷியா' என்று எழுதினார். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்த நரம்பியல் டாக்டர், 'அல்சைமர், ஆரம்பக் கட்டம்' என்கிறார். அம்மா என்னோடு இருப்பதால், "டிமென்ஷியாவாக இருந்ததைக் கவனிக்காமல் விட்டு அல்சைமர் வரைக்கும் முற்ற வைத்துவிட்டாய்" என்று அண்ணன் என்னைக் குற்றம் சொல்கிறார். யார் சொல்வது சரி? நாளைக்கு எனக்கும் வருமா? அம்மாவிடம் நோயின் பெயரைச் சொல்லலாமா? பிரஷர் மாத்திரையும், தூக்கம் வராததால் கடையில் கேட்டு வாங்கிய ஒரு மாத்திரையும் தவிர அவர் வேறெதுவும் சாப்பிடுவதில்லை.
– ஒரு வாசகி

பதில்: முதலில் உங்கள் அண்ணனுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அதுதான் உங்களை அதிகம் வதைக்கிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. டிமென்ஷியா முற்றி அல்சைமர் ஆவதில்லை. இது முதல் படி, அது இரண்டாம் படி என்ற கணக்கே கிடையாது. இரண்டு டாக்டர்கள் சொன்னதும் சரி. நீங்கள் எதையும் முற்ற வைக்கவில்லை.

ஒருவர் நொண்டி நடக்கிறார் என்று வையுங்கள். நொண்டுவது பார்த்தாலே தெரியும். ஆனால் காலில் முள் தைத்திருக்கலாம், சுளுக்காக இருக்கலாம், மூட்டு தேய்ந்திருக்கலாம், இடுப்பெலும்பே முறிந்திருக்கலாம். டிமென்ஷியா என்பது அந்த நொண்டல். ஞாபகம், பேச்சு, கணக்கு, இடம் நேரம் பற்றிய தெளிவு, முடிவெடுக்கும் திறன் இதெல்லாம் குறைந்து, அன்றாட வேலையைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத அளவுக்குப் போனால் அந்த நிலைக்கு டிமென்ஷியா என்று பெயர். ஏன் அப்படி ஆனது என்று அந்தச் சொல் சொல்லாது. அல்சைமர் அந்தக் காரணங்களில் ஒன்று, அதிகம் காணப்படுவதும் அதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, டிமென்ஷியா உள்ளவர்களில் 60 முதல் 70 சதவீதம் பேருக்கு அல்சைமர்தான் பின்னால் இருக்கிறது.

குழப்பத்துக்கு நாம் எழுதும் தமிழும் ஒரு காரணம். இரண்டையும் 'மறதி நோய்' என்றே எழுதிப் பழகிவிட்டோம். (என் பழைய பதில்களைத் தோண்டினால் நானும் மாட்டுவேன்.) உங்கள் அம்மாவின் சட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். அது மறதி அல்ல. தைக்க அவருக்குத் தெரிகிறது, கை ஓடுகிறது. எது எந்தப் பக்கம் பொருந்தும் என்ற இடக்கணக்குதான் தவறிப்போயிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் நாக்கு நுனியில் நின்று, சாயங்காலம் தானாக வந்தால் அது எல்லோருக்கும் இருப்பது. நாற்பது வருடத் தொழிலில் இப்படி ஒரு தப்பு நடந்து, அதைக் கண்டுபிடிக்கவும் முடியவில்லை என்றால் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். நீங்கள் போயிருக்கிறீர்கள்.

மருத்துவர்களும் இதில் பல காலம் குழம்பியவர்கள்தான். 1901-ல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் அலாய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர், அகஸ்டே டேட்டர் என்ற பெண்மணியைப் பரிசோதித்தார். பெயர் என்ன என்று கேட்டதற்கு, அகஸ்டே. கணவர் பெயர்? கொஞ்சம் தயங்கிவிட்டு, அதுவும் அகஸ்டே என்று நினைப்பதாகச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 51. 1906-ல் அவர் இறந்ததும் மூளையை நுண்ணோக்கியில் பார்த்த அல்சைமர், நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டான படிவுகளையும் உள்ளே சிக்குப் பிடித்த இழைகளையும் கண்டார். படிவு அமிலாய்டு என்ற புரதம், சிக்கு டௌ என்ற புரதம் என்று இன்று தெரியும். 1910-ல் எமில் கிரேப்பலின் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர் தன் பாடநூலில் இந்த நோய்க்கு அல்சைமரின் பெயரை வைத்தார். ஆனால் அகஸ்டே நடுவயதுக்காரர் அல்லவா? அதனால் இது நடுவயதில் வரும் அபூர்வ நோய் என்றே வைத்திருந்தார்கள். எழுபது வயதில் அதே தொல்லை வந்தால், வயதான கோளாறு என்று தள்ளிவிட்டார்கள். இரண்டும் ஒரே நோய்தான் என்று ராபர்ட் காட்ஸ்மன் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் தலையங்கம் எழுதி வாதாடியது 1976-ல். "வயசானா அப்படித்தான்" என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் 1976-க்கு முன்னாலேயே நின்றுவிட்டார்கள்.

உங்கள் அம்மாவைக் கடிகாரம் வரையச் சொல்லியிருப்பார்கள். என்னிடம் வந்த ஒரு முன்னாள் கணக்காளர் வட்டத்தை அழகாகப் போட்டார், எண்களையும் ஒழுங்காக எழுதினார். பதினொன்று பத்துக்கு முள் வையுங்கள் என்றேன். ஒரு முள்ளை 11-லும் இன்னொன்றை 10-லும் வைத்துவிட்டு, "முடிச்சாச்சு சார்" என்று பென்சிலைக் கீழே வைத்தார். நிமிட முள் 2-க்குப் போக வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. நொண்டல் இருக்கிறதா என்பதை இந்தச் சோதனை காட்டும். காரணத்தை அது காட்டாது. உங்கள் முதல் டாக்டர் அந்த இடத்தில் நின்றிருக்கிறார், அவ்வளவுதான்.

ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸ் விஷயத்தில் நடந்ததும் இதுதான். 2022-ல் அவருக்குப் பேச்சுத்திறன் இழப்பு என்று குடும்பத்தார் அறிவித்தார்கள், அது அறிகுறி. 2023-ல் பிரண்டோடெம்பொரல் டிமென்ஷியா என்று சொன்னார்கள், அது காரணம். மூளையின் முன்புறமும் பக்கவாட்டும் தேய்கிற அந்த வகை பெரும்பாலும் 45-லிருந்து 65 வயதுக்குள் தலைகாட்டும். ஆரம்பத்தில் ஞாபகம் நன்றாகவே இருக்கும். குணம் மாறும், கூச்சம் போகும், அல்லது சொற்கள் நழுவும். 'மறதி நோய்' என்ற பெயர் இங்கே பொருந்தவே பொருந்தாது.

இன்னும் இரண்டு வகைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் அடைபட்டு வரும் டிமென்ஷியா பல சமயம் படிக்கட்டு போல இறங்கும். சட்டென்று ஒரு சரிவு, பிறகு கொஞ்ச காலம் அப்படியே. பிரஷர், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதுதான் அங்கே முக்கியம். லூயி பாடி டிமென்ஷியா வேறு மாதிரி. காலையில் தெளிவாக இருப்பவர் மாலையில் குழம்புவார், அறைக்குள் இல்லாத குழந்தைகள் விளையாடுவதைக் கண்ணெதிரே பார்ப்பார், தூக்கத்தில் கையைக் காலை வீசுவார், நடை இறுகும். அந்தக் காட்சிகளை நிறுத்த மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் போன்ற மாத்திரையைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். காரணத்தின் பெயர் தெரிய வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான். வயது ஏற ஏற அல்சைமரும் ரத்தக்குழாய் வகையும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் சகஜம்.

ரத்தப் பரிசோதனை எதற்கு என்று பலர் அலுத்துக்கொள்வார்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், பி12 வைட்டமின் குறைந்தாலும், மனச்சோர்வு ஆழமாக இருந்தாலும் டிமென்ஷியா போலவே தெரியும். சில வாரம் முன்பு விழுந்ததில் மண்டைக்குள் ரத்தம் மெல்லக் கசிந்து தேங்கியிருந்தாலும் அப்படித்தான். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. அதனால்தான் உங்கள் நரம்பியல் டாக்டர் முதலில் இவற்றையெல்லாம் கழித்துக்கட்டியிருக்கிறார்.

அல்சைமருக்கு டொனபெசில், ரிவாஸ்டிக்மின், மெமண்டைன் போன்ற மருந்துகள் உண்டு. அறிகுறிகளைக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும், நோயை நிறுத்தாது. அமிலாய்டை அகற்றும் லெகானெமாப் 2023-லும் டொனனெமாப் 2024-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே அவை. சரிவைச் சற்று மெதுவாக்கும், போனதைத் திருப்பித் தராது. மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் வரலாம் என்பதால் அடிக்கடி ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்க வேண்டும். செய்தியில் பார்த்துவிட்டு உடனே ஓடாதீர்கள். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

உங்களுக்கு வருமா? தாய்க்கு இந்த வயதில் வந்திருந்தால் மகளுக்கு வாய்ப்பு ஓரளவு கூடும், ஆனால் வந்தே தீரும் என்பதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கட்டாயம் இறங்கும் மரபணு வகை மிக மிக அபூர்வம், அது பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே வரும். லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம், டிமென்ஷியாவுக்கு வழிவகுப்பவற்றில் நாம் மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணிகளை 2024-ல் பட்டியலிட்டது. பிரஷர், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, உடல் அசைவின்மை எல்லாம் நீங்கள் எதிர்பார்ப்பதுதான். பலர் எதிர்பார்க்காதது காது. கேட்கும் திறன் குறைந்தால் வெட்கப்படாமல் காதுக் கருவி போட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் சொல்லலாமா என்றால், சொல்லுங்கள் என்பேன். இது ஆரம்பக் கட்டம். தனக்கு ஏதோ சரியில்லை என்று, அந்தச் சட்டையைப் புரட்டிப் பார்த்தபோதே அவருக்குத் தெரிந்திருக்கும். கேட்க விரும்பவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். ஆனால் வங்கிக் கணக்கை யார் பார்ப்பது, எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று அவரே வாயால் சொல்லவும் கையெழுத்துப் போடவும் முடிகிற காலம் இது. அந்தப் பேச்சில் அண்ணனையும் உட்கார வையுங்கள்.

கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் சொன்ன தூக்க மாத்திரைதான் எனக்கு உறுத்துகிறது. சீட்டில்லாமல் கிடைக்கும் தூக்க மாத்திரைகளில் பல, ஒவ்வாமை மருந்து வகையைச் சேர்ந்தவை. ஞாபகத்துக்கு மூளை நம்பியிருக்கும் அசெட்டில்கோலின் என்ற ரசாயனத்தையே அவை தடுக்கும். டொனபெசில் கூட்டப் பார்ப்பதும் அதே ரசாயனத்தைத்தான். பகலில் கொடுப்பதை இரவில் பறிப்பது போல ஆகிவிடும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்த அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.