வீட்டுவழிக் கல்வி: அம்மாவும் ஆசிரியரும்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

கல்வி பற்றி நீங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். உங்கள் பிள்ளைகள் பல ஆண்டுகள் வீட்டிலிருந்தே கற்றவர்கள் என்று அறிந்ததால் இதை எழுதத் துணிந்தேன்.

என் மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, கணக்குத் தேர்வு நடக்கும் நாட்களில் காலையிலேயே வயிற்றுவலி என்று அழுவாள். உடலில் குறை ஏதும் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நானும் கணவரும் பலநாள் பேசி, அந்தக் கல்வியாண்டின் முடிவில் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். மகனைச் சேர்க்கவே இல்லை. நான் வேலையை விட்டுவிட்டேன்.

இப்போது வயிற்றுவலி இல்லை. ஆனால் காலை ஒன்பது மணிக்குக் கணக்குப் புத்தகத்தை எடுத்தாலே எங்கள் இருவருக்கும் சண்டை வருகிறது, அது அழுகையில் முடிகிறது. போன வாரம், "நீங்க டீச்சரா இருக்கும்போது எனக்கு உங்களைப் பிடிக்கலைம்மா" என்று சொன்னாள். மகன் இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கவில்லை. கணவர் மாலையில் வந்ததும், "இன்னைக்கு என்ன படிச்சீங்க?" என்று கேட்கிறார். சொல்வதற்கு ஒன்றுமில்லாத நாட்களில் குற்றவுணர்வாக இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் பேத்தியின் எதிர்காலம் என்னவாகும் என்று மாமியார் வருந்துகிறார். எங்கள் குடியிருப்பில் மற்ற பிள்ளைகள் விளையாட வருவதற்கே மாலை ஆறு மணியாகிவிடுகிறது. எதை அனுமதிப்பது, எதை மறுப்பது என்று நாள் முழுவதும் முடிவெடுத்தே களைத்துப்போகிறேன். நேர அட்டவணை ஒன்று அமைத்துத் தருவீர்களா? அல்லது வரும் ஜூனில் பள்ளிக்கே திருப்பி அனுப்பிவிடலாமா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)
கோவை

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சொன்ன சொல்லிலிருந்து தொடங்குகிறேன். பள்ளிக்குப் போகும் குழந்தைக்கு, ஆசிரியர் கடிந்துகொண்ட நாளில் வீட்டுக்கு ஓடிவந்து சொல்லி அழ ஓர் அம்மா இருக்கிறாள். வீட்டில் கற்கும் குழந்தைக்கோ கடிந்துகொண்டவரும் அம்மா, சொல்லி அழ வேண்டியவரும் அதே அம்மா. உங்கள் மகளுக்கு இது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அம்மாவைப் பிடிக்கவில்லை என்று அவள் சொல்லவில்லை. அம்மாவுக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட ஆசிரியரைத்தான் வேண்டாம் என்கிறாள். வீட்டுவழிக் கல்வி பற்றிய பேச்சு பெரும்பாலும் பாடத்திட்டம், புத்தகம், தேர்வு என்பவற்றைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் நான் அருகிருந்து பார்த்த குடும்பங்களில் இம்முயற்சி நொந்துபோனது பெற்றோருக்குப் பாடம் சொல்லித்தரத் தெரியாததால் அல்ல. காலையில் எழுந்தது முதல் இரவு உறங்கும்வரை பெற்றோர் ஆசிரியராகவே இருந்துவிட்டதால்தான் அது நேர்ந்தது.

ஆகவே நேர அட்டவணை போடுவதற்கு முன்பு, நாளின் எந்தெந்த நேரத்தில் நீங்கள் ஆசிரியர் இல்லை என்பதை முடிவு செய்யுங்கள். வாழ்க்கையே பாடம், சமையலறையே ஆய்வுக்கூடம் என்று வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரையில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளை சமையலறையில் நின்று தானாகவே எதையாவது கண்டுகொள்ளும் என்பது உண்மைதான். அதற்காக, தோசையை நான்காகப் பிய்த்துத் தின்றுகொண்டிருக்கும் குழந்தையிடம், "இப்போது கையிலிருப்பது எத்தனையில் ஒரு பங்கு?" என்று கேட்கத் தொடங்கினால், அவளுக்குப் பசியாறக்கூடத் தேர்வில்லாத இடம் ஒன்று மிஞ்சாது. சாப்பாட்டு நேரம், குளிக்கும் நேரம், தலைவாரிப் பின்னும் நேரம், படுக்கை நேரம் ஆகிய நான்கிலும் நீங்கள் கேள்வி கேட்காதீர்கள். அவள் கேட்டால் பதில் சொல்லுங்கள். அந்தப் பதிலை நீட்டிப் பாடமாக்கிவிடாதீர்கள்.

எவ்வளவு நேரம் படிக்க வேண்டும் என்பதில் உங்களுக்குள் இருக்கும் பதற்றத்துக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 2009-ஆம் ஆண்டின் கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்களும் 800 கற்பித்தல் மணிநேரமும் வேண்டும் என்கிறது. அதாவது நாளொன்றுக்கு நான்கு மணிநேரம். அதே சட்டம் தொடக்கப் பள்ளியில் 30 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்றும் வகுத்திருக்கிறது. அந்த நான்கு மணிநேரத்துக்குள்தான் வருகைப்பதிவும், ஏட்டைத் திருத்தி வாங்கக் காத்திருப்பதும், புரிந்தவர்கள் புரியாதவர்களுக்காகப் பொறுத்திருப்பதும் அடங்கும். ஒரே ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால், ஒன்பது வயதில் நாளுக்கு ஒன்றரை மணிநேரம் புத்தகத்தோடு இருப்பதே தாராளம் என்பது என் துணிபு. மீதி நேரத்தில் அவள் சும்மா இருப்பதுபோலத் தெரிந்தால், இருக்கட்டும். எனக்கு இதைப் பொறுத்துக்கொள்வது பாடம் நடத்துவதைவிடக் கடினமாக இருந்தது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

இனி, கணக்கு. உங்கள் மகள் பள்ளியைவிட்டு வந்ததே கணக்குத் தேர்வின் அச்சத்தால்தான். இடம் மாறியதால் வயிற்றுவலி போயிற்றே ஒழிய அச்சம் போகவில்லை. காலை ஒன்பது மணி என்ற அதே வேளையில், கணக்கு என்ற அதே பாடத்தைக் கொண்டு, அது மீண்டும் அவள் முன்னால் வந்து நிற்கிறது. சில மாதங்களுக்குக் கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்துவிடுங்கள். இதனால் அவள் பின்தங்கிவிடுவாளோ என்று நினைக்க வேண்டாம். தொடக்க வகுப்புக் கணக்கு திரும்பத் திரும்ப அதே கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலைத்தான் பெரிய எண்களில் செய்கிறது. அச்சம் நீங்கிய பத்து வயதுப் பிள்ளை விட்டதைப் பிடித்துவிடும். அஞ்சி அஞ்சி ஒப்பித்த பிள்ளைக்கு வாய்ப்பாடு தெரிந்திருந்தும் பயன்படாது.

மறுபடி தொடங்கும்போது நீங்கள் கற்பிக்காதீர்கள். உங்கள் கணவர் எடுத்துக்கொள்ளலாம், வாரத்தில் மூன்று மாலைகள் போதும். அவராலும் இயலாதென்றால் அக்கம்பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைப் பாருங்கள். எதுவும் அமையவில்லை என்றால் தமிழ்நாடு அரசின் பாடநூல்களை இணையத்திலிருந்து விலையின்றி இறக்கி, நீங்கள் விடைகளை மட்டும் தனித்தாளில் எழுதி வைத்துவிடுங்கள். அவளே போட்டு, அவளே சரிபார்த்து, தவறியதை மட்டும் கேட்க வரட்டும். பிறர் திருத்தும்போது எழுகிற கூச்சம், தானே திருத்திக்கொள்ளும்போது எழுவதில்லை. இந்த ஒரு மாற்றத்தால் அமைதியான வீடுகளை நான் அறிவேன்.

மகனைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. பெருந்தொற்றுக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாடு அரசு 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியபோது, அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெற்றிருக்க வேண்டிய வயதாக எட்டைத்தான் இலக்கு வைத்தது. பின்லாந்தில் குழந்தைகள் ஏழு வயதாகும் ஆண்டில்தான் முதல் வகுப்பில் சேர்கிறார்கள். ஆறு வயதுப் பையனுக்கு இரவுதோறும் மடியில் வைத்துக் கதை வாசித்துக் காட்டுங்கள், வரியின் மேல் விரலை ஓட்டியபடி. உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என்று 247 எழுத்துகளையும் வரிசையாக முடித்தபின்தான் சொல்லுக்குப் போக வேண்டும் என்றில்லை. அவன் பெயரில் உள்ள எழுத்துகளிலிருந்தும், தெருவில் அவன் அன்றாடம் பார்க்கும் கடைப் பலகைகளிலிருந்தும் தொடங்கலாம். எட்டு வயது நெருங்கியும் எழுத்துகளைப் பிரித்தறிவதில் தடுமாறினால் மட்டும் கற்றல் குறைபாட்டை அறிந்த வல்லுநர் ஒருவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள். பள்ளியில் ஆசிரியர் கண்ணில் படக்கூடிய ஒன்று, வீட்டில் அன்பின் காரணமாகவே நம் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும்.

உங்கள் கணவர் அக்கறையோடுதான் கேட்கிறார். எனினும், நாள் முழுவதும் பிள்ளைகளோடு இருந்த உங்களுக்கு அந்தக் கேள்வி கணக்கு ஒப்படைக்கச் சொல்வதாகவே கேட்கும். அதைக் கைவிடும்படி அவரிடம் சொல்லுங்கள். மாறாக, சனிக்கிழமை முற்பகல் முழுவதும் பிள்ளைகளை அவர் தனியாகப் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் வீட்டைவிட்டு வெளியே போங்கள். ஒரு முற்பகலை அவர்களோடு கழித்துப் பார்த்தவருக்கு, ஏட்டில் எழுதிக் காட்ட முடியாத எத்தனையோ அன்றாடம் நடக்கிறது என்பது தானாகத் தெரியும். அதைவிட முக்கியம், உங்களுக்கு அந்த நேரம் வேண்டும். வேலையை விட்டுவந்த தாய்க்கு ஓய்வு ஆடம்பரம் என்று நினைக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் ஆழமாக இருக்கிறது. உங்கள் கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் அதன் சுமையைக் கண்டேன்.

முடிவெடுத்தே களைத்துப்போவதாக எழுதியிருந்தீர்கள். பாதி முடிவுகளை ஒரே முறை எடுத்துவிட்டு மறந்துவிடலாம். கைப்பேசி மாலை ஐந்து மணிக்கு மேல், கூடத்தில் மட்டும், இன்ன நேரம் வரை என்று ஒருமுறை பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசி முடித்துவிட்டால், நாளுக்குப் பலமுறை கெஞ்சலும் மறுப்பும் நடக்க வேண்டியதில்லை. உறங்கும் நேரமும் அப்படியே. எந்தப் புத்தகம் முதலில், எந்த உடை, வெயிலுக்கு முன்பு சைக்கிளா பின்பா என்பவற்றைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்.

நண்பர்கள் விஷயம்தான் நகரத்தில் உண்மையான சிக்கல். மற்ற பிள்ளைகள் பள்ளி விட்டு நாலரைக்கு வந்து, ஆறு மணிவரை டியூஷன் போகிறார்கள் என்றால் நம் பிள்ளைக்குத் தெரு வெறிச்சோடித்தான் கிடக்கும். சிலம்பமோ நீச்சலோ பாட்டோ, வாரத்தில் சில நாட்கள் அதே பிள்ளைகளை அதே இடத்தில் பார்க்கும்படி ஒன்றில் சேர்த்துவிடுங்கள். புதுப்புது முகங்களைவிடத் திரும்பத் திரும்பப் பார்க்கும் சில முகங்களே நட்பாகும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முற்பகல் பதினொரு மணிக்கு மகள் கடைக்குப் போனால், "ஏம்மா, ஸ்கூலுக்குப் போகலையா?" என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். அதற்கு அவள் தலைகுனியாமல் சொல்ல ஒரு பதிலை அவளே அமைத்துக்கொள்ள உதவுங்கள். நீங்கள் முந்திக்கொண்டு விளக்கம் சொல்லும்போதெல்லாம், தன்னிடம் ஏதோ மறைக்க வேண்டியது இருப்பதாகவே அவள் எண்ணுவாள்.

மாமியாரின் கவலை நியாயமானது, அதற்கு விவரத்தோடு பதில் சொல்லுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் பத்தாம் பிரிவு 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அச்சட்டம் வகுக்கவில்லை. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத 12½ வயது நிறைந்திருக்க வேண்டும். மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில், அதாவது என்.ஐ.ஓ.எஸ்.ஸில், 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்கும் 15 வயது நிறைந்தவர்கள் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பதிவு செய்யலாம். தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கும், ஒருமுறை பதிந்தால் ஐந்து ஆண்டுகளுக்குள் பாடங்களைப் பிரித்துப் பிரித்து எழுதி முடிக்கலாம். ஒன்பது வயதில் நீங்கள் செய்ய வேண்டியது பிறப்புச் சான்றிதழையும் பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழையும் பத்திரமாக வைத்திருப்பது மட்டுமே.

ஜூனில் திருப்பி அனுப்பலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். 1897 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வந்திறங்கிய காந்தியுடன் ஒன்பது வயதும் ஐந்து வயதுமான இரு மகன்களும் பத்து வயதுச் சகோதரி மகனும் இருந்தார்கள். ஐரோப்பியப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் அவர்களுக்குச் சலுகையாக இடம் கிடைத்திருக்கும். மற்ற இந்தியப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத சலுகை தம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று காந்தி வீட்டிலேயே கற்பித்தார். மாதம் ஏழு பவுண்டு சம்பளத்தில் ஓர் ஆங்கிலேய ஆசிரியையையும் சில காலம் அமர்த்தினார். விரும்பிய அளவுக்குப் பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்க இயலவில்லை என்பதையும், பட்டதாரி ஒருவரைச் சந்திக்கும்போதெல்லாம் பள்ளிப்படிப்பு இல்லாத குறையைத் தம் மகன்கள் உணர்ந்தார்கள் என்பதையும் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். தம் முடிவு சரியானதே என்றும் எழுதினார். மூத்த மகன் ஹரிலால் படிப்பதற்காகவே 1911-இல் தந்தையைப் பிரிந்து இந்தியாவுக்குப் புறப்பட்டார். காந்தியின் கொள்கையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கொள்கையின் பாரத்தைச் சுமந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு அது நடத்தப்படவில்லை. வீட்டில் கற்பிக்கும் ஒவ்வொரு பெற்றோரும் அந்த மகன்களின் மனக்குறையை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

ஆகையால் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பதோடு நிறுத்தாமல், மகளிடமும் கேளுங்கள். சண்டை நடந்த நாளில் கேட்டால் அது மிரட்டலாகிவிடும். கணக்குப் புத்தகம் மூடப்பட்டு வீடு சற்றே அடங்கிய பின்னர், பிப்ரவரி அல்லது மார்ச்சில், கணவரும் உடனிருக்கும்போது கேளுங்கள். அவள் போக விரும்பினால் அனுப்புங்கள். அது உங்கள் முயற்சியின் தோல்வி ஆகாது. கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கவும், விடுபட்டதை ஈடுகட்டச் சிறப்புப் பயிற்சி தரவும் பள்ளி கடமைப்பட்டிருக்கிறது. சேர்க்கை நாள் கடந்துவிட்டது என்ற காரணத்துக்காகவும் இடத்தை மறுக்க முடியாது. சேர்க்கும் முன் அவளையும் அழைத்துக்கொண்டு இரண்டு மூன்று பள்ளிகளைப் பார்த்து வாருங்கள். கணக்குத் தேர்வை எப்படி நடத்துகிறார்கள், தவறாகப் போட்ட பிள்ளையிடம் என்ன சொல்கிறார்கள் என்று அங்குள்ள ஆசிரியரிடம் நேரில் விசாரியுங்கள். அவள் வீட்டிலேயே இருக்க விரும்பினால், அடுத்த ஆண்டும் அதே மாதத்தில் அதே கேள்வியை மறக்காமல் கேளுங்கள். தம்பிக்கும் எட்டு வயதானதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்.

அன்புடன்.