ஏடன் சாலையும் மாதப் படியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அரேபியாவின் தென்கரையிலுள்ள ஏடன் துறைமுகத்தை ஆண்ட ஆங்கிலேயர், அதற்கு வெளியே இருந்த அரபுக் குலத்தலைவர்களுக்கு மாதந்தோறும் பணம் கொடுத்து வந்தார்கள் என்று படித்தேன். அவ்வளவு பெரிய வல்லரசு கட்டிய அந்தப் பணத்தைக் கப்பம் என்பதா, கையூட்டு என்பதா?

பதில்: கொடுத்தவர்கள் அதை மானியம் என்று கணக்கில் எழுதினார்கள், வாங்கியவர்கள் தங்களுக்கு உரிய பங்கு என்று கருதினார்கள். என் கணிப்பில் வாங்கியவர்கள் சொன்னதே உண்மைக்கு அருகில் இருக்கிறது.

1837-ன் தொடக்கத்தில், சென்னை நவாபு குடும்பத்துக்குச் சொந்தமானதும் ஆங்கிலக் கொடி ஏற்றியதுமான ‘தரியா தௌலத்’ என்ற கப்பல் ஏடன் அருகே தரைதட்டிக் கொள்ளையடிக்கப்பட்டது. நீராவிக் கப்பல்களுக்கு நிலக்கரி ஏற்ற ஒரு துறையைத் தேடிக்கொண்டிருந்த பம்பாய் அரசுக்கு அது நல்ல சாக்காக வாய்த்தது. அந்த அரசு அனுப்பிய கேப்டன் ஹெயின்ஸ் 1839 ஜனவரி 19 அன்று ஏடனைப் பிடித்தார். ஆனால் பிடித்தது பாறையும் துறையும் மட்டுமே. குடிதண்ணீர், தானியம், கால்நடைத் தீவனம், விறகு, ஏற்றுமதிக்கான காப்பி ஆகிய எல்லாம் உள்நாட்டிலிருந்து ஒட்டகத்தின் முதுகில்தான் வந்தாக வேண்டும். அந்த வழி அப்தலி, ஹவ்ஷபி, அமீரி என ஒவ்வொரு குலத்தின் நிலமாகக் கடந்து வந்தது. கிழக்கே ஃபள்லி, யாஃபி நிலங்கள் இருந்தன. ஒவ்வொரு குலமும் தன் எல்லைக்குள் நுழையும் சாத்திடம் (வணிகர்களின் ஒட்டகக் கூட்டத்திடம்) சுங்கம் வாங்கிக்கொண்டு, சய்யார் எனப்படும் வழித்துணைவனைத் தன் ஆட்களிலிருந்தே அனுப்பியது. அவன் கூடவே நடக்கும்வரை சாத்தின்மேல் கை வைப்பது அவனுடைய குலத்தையே பகைத்துக்கொள்வதாகும்.

ஏடனைத் தன் வசம் வைத்திருந்த லஹேஜ் சுல்தான் ஏற்கெனவே அண்டைக் குலங்களுக்குப் படி கொடுத்து வந்தவர். 1839 ஜூன் மாத உடன்படிக்கையில் ஹெயின்ஸ் சுல்தானுக்கு ஆண்டுக்கு 6,500 டாலர் தர ஒப்புக்கொண்டதோடு, அண்டைக் குலங்களுக்குரிய அந்தப் படிகளையும் கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) பொறுப்பில் ஏற்றுக்கொண்டார். ஆகவே இது ஆங்கிலேயர் கண்டுபிடித்த முறையன்று. துறைமுகத்தோடு கைமாறி வந்த பழைய கடப்பாடு. தென்பாண்டிச் சீமையில் பாளையக்காரர்கள் பெற்றுவந்த தேசகாவல் உரிமையை அதே கும்பினி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பறித்துக்கொண்டது என்பதையும், சில பத்தாண்டுகளுக்குப் பின் ஏடனில் அத்தகைய காவல்கூலியைத் தானே எண்ணிக் கொடுத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

டாலர் என்றதும் அமெரிக்க நாணயம் என்று எண்ணிவிட வேண்டாம். ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் உருவம் பொறித்த, ஏறத்தாழ 28 கிராம் எடையுள்ள வெள்ளிக்காசு அது. அரசி இறந்த 1780-ஆம் ஆண்டையே அதன்மேல் தொடர்ந்து அச்சிட்டு வந்தார்கள்.

கேள்வி: பணம் கொடுத்ததால் சாலை உண்மையில் காக்கப்பட்டதா?

பதில்: பல ஆண்டுகள் காக்கப்பட்டது, முறிந்தபோது மோசமாக முறிந்தது. உடன்படிக்கையின் மை காயுமுன்பே, 1839 நவம்பரிலும் 1840 மே, ஜூலை மாதங்களிலும் குலங்கள் சேர்ந்து ஏடனைத் தாக்கின. சுல்தானின் மானியம் நிறுத்தப்பட்டது. பிறகு சமாதானம் பேசித் திரும்பக் கொடுக்கப்பட்டது. நிறுத்துவதும் கொடுப்பதும்தான் அரசியல் அதிகாரியின் முதல் ஆயுதம். அதற்கு அடுத்தபடியாக, ஏடனுக்கு வரும் தலைவர்களுக்கு விருந்தும் சால்வையும், துப்பாக்கியும் தோட்டாவும், தகுதிக்கேற்ற எண்ணிக்கையில் பீரங்கி மரியாதையும் உண்டு. லஹேஜ் சுல்தானுக்கு 9 குண்டுகள் வெடித்தன. இத்தகைய வரிசை முறையில் ஒருவருக்கு உயர்த்தினால் பக்கத்து நிலத்தவருக்கு மனத்தாங்கல் வரும். அந்த மனத்தாங்கலுக்கு வடிகால் எப்போதும் சாலையில் வரும் சாத்துதான்.

1865-ல் ஃபள்லி குலத்தார் சாத்துகளைக் கொள்ளையிட்டபோது, ஏடன் ரெசிடென்டாக (அங்கிருந்த ஆங்கிலேயத் தலைமை அதிகாரியாக) இருந்த மெர்வெதரின் காலத்தில், அந்த ஆண்டின் இறுதியில் ஒரு படை அவர்கள் நிலத்துக்குள் சென்று ஊர்களை அழித்தது. அதன்பின் உடன்பாடு வந்தது. அந்தச் சண்டையை ஒட்டியே, இந்தியக் குதிரைப்படைகளிலிருந்து ஆட்களை எடுத்து, குதிரையும் ஒட்டகமும் கொண்ட ‘ஏடன் ட்ரூப்’ என்ற சிறு படை அமைந்து, துறைக்கு அருகிலுள்ள சாலைகளில் ரோந்து சுற்றியது. அதற்கு அப்பால் மலைக்குள் அவர்கள் போவதில்லை. அங்கே படிதான் காவல்.

கேள்வி: இந்த அதிகாரிகள் உள்நாட்டு நிலவரம் அறிந்தவர்களா? நீண்ட நாள் இருந்தார்களா?

பதில்: ஹெயின்ஸ் 15 ஆண்டுகள் இருந்தார். உள்நாட்டுச் செய்தியை ஒற்றர்கள், தரகர்கள், துபாஷிகள் வழியாகத் திரட்டி, எந்தத் தலைவர் யாரோடு முறைத்துக்கொண்டிருக்கிறார் என்பதை நாள்தோறும் அறிந்து வைத்திருந்தார். கணக்கு எழுதுவதில் மட்டும் கோட்டைவிட்டார். கருவூலத்தில் ஏறத்தாழ 28,000 பவுன் குறைவதாகச் சொல்லி 1854-ல் அவரைப் பம்பாய்க்கு அழைத்து வழக்குப் போட்டார்கள்; கையாடல் குற்றத்திலிருந்து நடுவர்கள் விடுவித்தும், கடனுக்காக ஆறு ஆண்டு சிறையில் வைத்தார்கள். 1860-ல் வெளியே வந்த சில நாள்களில் இறந்துபோனார்.

கேள்வி: விமானம் வந்த பிறகு ஒட்டகப் பாதையின் அரசியலும் முடிந்துபோயிற்றா?

பதில்: அப்படித்தான் லண்டன் நினைத்தது. 1928-ல் ஏடனின் பாதுகாப்பு விமானப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. முதலில் எச்சரிக்கைத் துண்டறிக்கைகள் வீசுவார்கள். கெடு முடிந்தால் குண்டு விழும். கொல்வதைவிட, மக்களை வீட்டுக்கும் வயலுக்கும் திரும்பவிடாமல் அலைக்கழித்துப் பணியவைப்பதே நோக்கம் என்றார்கள். செலவு குறைந்தது என்பது உண்மை. ஆனால் மேலிருந்து பார்ப்பவருக்கு, சுங்கம் யாருக்குச் சேர வேண்டும் என்ற வழக்கு தெரியாது.

இதற்கு லஹேஜுக்கு வடக்கே ரத்ஃபான் மலைகளில் வாழ்ந்த குதைபி குலமே சான்று. ஏடனிலிருந்து தாலி ஊருக்குச் செல்லும் சாலை அவர்கள் நிலத்தை ஒட்டிப் போகிறது. பெயரளவில் அவர்கள் தாலி அமீருக்குக் கீழ்ப்பட்டவர்கள்; படியும் பட்டமும் அமீருக்குப் போயின, சாலையோரத் துப்பாக்கி குதைபியரிடம் இருந்தது. 1934-ல் வடக்கே ஏமனை ஆண்ட இமாமோடு சனா உடன்படிக்கை ஏற்பட்டு, வணிகப் பாதைகளைக் காக்கும் கடமை ஆங்கிலேயர்மேல் விழுந்திருந்த வேளையில், குதைபியர் அச்சாலையில் ஒரு சாத்தைக் கொள்ளையிட்டார்கள். விமானங்கள் வாரக்கணக்கில் குண்டு வீசின. குதைபியர் பணிந்தார்கள், ஆனால் சுங்க உரிமையைக் கைவிடவில்லை.

1937-ஐ ஒட்டி, ஏடனுக்குக் கிழக்கேயுள்ள ஹத்ரமௌத்தில் ஆங்கிலேய அதிகாரி ஹெரால்ட் இங்ராம்ஸ் வேறு வழியில் முயன்றார். சிங்கப்பூரில் பெருஞ்சொத்து வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த சய்யித் அபூபக்ர் அல்-காஃப் தன் பணத்தையும் செல்வாக்கையும் செலவிட்டுத் துணை நிற்க, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தலைவர்கள் மூன்று ஆண்டுச் சமாதானத்தில் கையொப்பமிட்டார்கள். தரீமிலிருந்து ஷிஹ்ருக்கு அல்-காஃப் அமைத்த மோட்டார் சாலைக்கு ஒட்டகக்காரர்களே எதிர்ப்பாக நின்றார்கள். லாரி ஓடினால் அவர்கள் பிழைப்புப் போகும். அங்கேயும் ‘பின் யமானி’ என்ற குலத்தார்மேல் குண்டு வீசித்தான் சமாதானத்தின் மற்ற கையொப்பங்கள் விரைவுபட்டன என்பதை இங்ராம்ஸைப் புகழ்வோர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

குதைபியரின் கதை 1960-களில் மீண்டும் எழுந்தது. 1959-ல் இந்தத் தலைவர்களின் நாடுகளைச் சேர்த்து ஆங்கிலேயர் உருவாக்கிய கூட்டமைப்பு, சுங்கத்தை ஒரே நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவந்து, தாலி சாலையில் குலங்கள் வாங்கிவந்த வழிச்சுங்கத்தை ஒழித்தது. காகிதத்தில் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாத சீர்திருத்தம். வருமானம் இழந்த மலைமக்களுக்கு எகிப்தின் ஆதரவு பெற்ற ஏமன் குடியரசிலிருந்து துப்பாக்கியும் பயிற்சியும் கிடைத்தன. 1963 அக்டோபர் 14-ஐ எழுச்சி தொடங்கிய நாளாகத் தெற்கு ஏமன் கொண்டாடியது. அது வெடித்த இடம் அதே ரத்ஃபான். 1964-ல் தரைப்படையும் விமானமும் சேர்ந்து பல மாதம் அந்த மலைகளில் போரிட்டு, சாலையைத் திறந்தன. 1967 நவம்பர் 30 அன்று ஆங்கிலேயர் ஏடனைவிட்டு வெளியேறியபோது, ஆட்சி அவர்கள் படி கொடுத்து வளர்த்த சுல்தான்களிடம் போகவில்லை. ரத்ஃபானில் போரைத் தொடங்கிய தேசிய விடுதலை முன்னணியிடம் போயிற்று.