விடுதியில் டேட்டாவுக்குப் பில் போட எந்த மெஷின் வேண்டும்?

இலங்கையில் சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணியில் 9 அறை விடுதி நடத்தும் வாசகர் ஒருவரின் கேள்வி இது: “4ஜி இணைப்பு ஒன்றை எல்லா அறைகளுக்கும் பகிர்ந்து, பாவித்த ஜிபிக்கு ஏற்ப விருந்தினரிடம் காசு அறவிட நினைக்கிறேன். மென்பொருள் விற்பவர் ஐ5, 8 ஜிபி ராம், விண்டோஸ் சர்வர் கட்டாயம் என்கிறார். என்னிடம் இருப்பது பழைய ஐ3, 4 ஜிபி ராம், விண்டோஸ் 7. சீசனில் ஒரே நேரத்தில் 40 போன் வரை இணையும். புதிதாக வாங்கத்தான் வேண்டுமா?”

வாங்க வேண்டாம். 40 போனுக்குக் கணக்கு வைப்பது ஒரு கணினிக்குப் பாரமே இல்லை. ஒரு போன் நாளுக்கு 5 தடவை இணைந்தால் 200 பதிவுகள். வருடம் முழுக்க அறைகள் நிறைந்திருந்தாலும் 73,000. ஒரு பதிவுக்கு அரைக் கிலோபைட் என்று வைத்தாலும் மொத்தம் 40 எம்பிக்குள் அடங்கிவிடும். இதற்கு ஐ5 எதற்கு?

அதைவிட முக்கியம், அளக்கும் இடம். உங்கள் ஐ3 மற்றப் போன்களைப் போல வைஃபையில் போய் ஒட்டிக்கொண்டால், 3ஆம் அறைக்காரர் பார்க்கும் வீடியோ அதன் வழியாக வராது. அதற்குத் தெரிவது அதன் சொந்தப் பாவனை மட்டும்தான். கரண்ட் மீட்டர் வீட்டுக்குள் வரும் மெயின் வயரில் இருப்பதுபோல, அளக்கும் கருவியும் 4ஜி பெட்டிக்கும் விடுதியின் வைஃபைக்கும் நடுவில் நிற்க வேண்டும். விற்பவர் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் ராம் அளவை மட்டும் சொன்னால், அவரிடம் வாங்க அவசரப்படாதீர்கள்.

நடுவில் நிற்க நான் சிபாரிசு செய்வது மைக்ரோட்டிக் ரவுட்டர். விருந்தினர் இணைந்ததும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் ஹொட்ஸ்பொட் வசதி அதிலேயே உண்டு. சிறிய மாடல்கள் பலவற்றில் வரும் லெவல் 4 உரிமத்தில் ஹொட்ஸ்பொட்டுக்கு 200 பேர் வரை இடமுண்டு. ஆனால் கணக்கு வைக்கும் யூசர் மேனேஜர், அதே உரிமத்தில் ஒரே நேரத்தில் 20 இணைப்புகளுக்கு மேல் ஏற்காது. 40 போன் வரும் உங்களுக்கு அது பற்றாது.

இங்கேதான் பழைய ஐ3 உதவும்: யூசர் மேனேஜருக்குப் பதிலாகக் கணக்கு வைக்கும் சர்வராக அதை வையுங்கள். விண்டோஸ் 7ஐ அழித்துவிடுங்கள். 2020 ஜனவரி 14உடன் அதற்கான பாதுகாப்பு ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸுக்குப் பதில் டெபியன் லினக்ஸ், ரவுட்டர் அனுப்பும் கணக்கை வாங்க ஃப்ரீரேடியஸ், அதைச் சேமிக்க மரியாடிபி என்ற தரவுத்தளம்; மூன்றும் இலவசம். ஐகான், ஜன்னல் எதுவும் இல்லாமல் கட்டளைகளை மட்டும் தட்டச்சு செய்யும் முறையில் ஓட்டினால் 4 ஜிபி ராம் தாராளம். பழைய ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றி 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். 50 வாட் எடுக்கும் கணினி இரவு பகலாக ஓடினால் மாதம் 36 யூனிட் ஏறும் என்பதையும் கணக்கில் எடுங்கள். ராஸ்பெரி பை போன்ற சின்னக் கருவிக்கு 6 யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

மலைநாட்டில் பில்லைக் குழப்புவது பெரும்பாலும் கரண்ட் கட். ரவுட்டர் ரேடியஸ் முறையில், ஒருவர் இணையும்போது ஒரு செய்தியும் விலகும்போது பாவித்த அளவுடன் ஒரு செய்தியும் சர்வருக்கு அனுப்பும். நடுவில் கரண்ட் போனால் விலகல் செய்தி போகாது. அவர் அதுவரை இரண்டு மணி நேரம் பாவித்திருந்தால் அத்தனையும் கணக்கில்லாமல் போய்விடும். கரண்ட் வந்தபின் அதே ஆள் நுழைய முயன்றால், ‘ஏற்கெனவே இணைந்திருக்கிறார்’ என்று சர்வர் மறுக்கவும் கூடும். ஆகவே அதுவரை பாவித்த அளவைச் சொல்லும் இடைக்கால அறிக்கையை ரவுட்டர் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை அனுப்பச் செய்யுங்கள். இழப்பு அந்த 5 நிமிடத்தோடு நிற்கும். முடிவடையாமல் தொங்கும் இணைப்புகளைத் தானாக மூடும் வசதி மென்பொருளில் இருக்கிறதா என்றும் பாருங்கள். யுபிஎஸ்ஸில் 4ஜி பெட்டி, ரவுட்டர், சர்வர் மூன்றும் இருக்கட்டும்.

கரண்ட் போய் வந்தால் நேரமும் பிசகும். இந்த ரவுட்டர்களில் பெரும்பாலானவற்றில் கடிகாரத்துக்கு பற்றரி கிடையாது; இணையம் வந்து நேரத்தைத் திருத்தும்வரை தவறான நேரத்தில் ஓடும். ஐ3இன் மதர்போர்டில் சில்லறைக் காசு போல இருக்கும் சிஆர்2032 பற்றரி இத்தனை வருடத்தில் செத்திருக்கலாம், மாற்றிவிடுங்கள். சிவனொளிபாதமலைக்கு ஏறுகிறவர்கள் நள்ளிரவில்தான் விழித்திருப்பார்கள். உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா தனிக்கணக்கு என்றால், ஒரு மணி நேரப் பிசகும் பில்லை மாற்றிவிடும்.

அடுத்தது ஜிபி. 1 ஜிபி என்பதை 1,000,000,000 பைட் என்று எண்ணுவோரும் உண்டு, 1,073,741,824 என்று எண்ணுவோரும் உண்டு. 100 ஜிபியில் 7 ஜிபிக்கு மேல் வித்தியாசம் வரும். இணைப்புத் தரும் நிறுவனம் எப்படி எண்ணுகிறதோ அதே கணக்கை நீங்களும் வையுங்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. ரேடியஸின் பைட் எண்ணி 32 பிட் கொண்டது. 4,294,967,296 பைட்டைத் தொட்டதும் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். எத்தனை முறை அப்படிச் சுற்றியது என்பதை கிகாவேர்ட்ஸ் என்ற தனிப் புலம் சொல்லும். அதைச் சேர்க்காத மென்பொருள், ஒரே இணைப்பில் 5 ஜிபி இறக்கியவருக்கு 1 ஜிபி அல்லது அதற்கும் குறைவாகப் பில் போடும்.

ஆட்களைப் போனின் மேக் முகவரியை (வைஃபையில் போன் தன்னை இனங்காட்டும் எண்ணை) வைத்து அடையாளம் காணாதீர்கள். ஆண்ட்ராய்ட் 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் வேறு முகவரி காட்டுகின்றன. அறைக்கு ஒரு கடவுச்சொல் சீட்டு கொடுங்கள். முடிந்தால் 1 ஜிபி, 3 ஜிபி என முற்கொடுப்பனவாகவே விற்றுவிடுங்கள். காலையில் மலையிலிருந்து களைத்து இறங்கி வருபவரோடு பில்லுக்காக வாதாடும் நிலை வராது. வேக வரம்பு வைப்பதானால் ரவுட்டரில் தரவைக் குறுக்குவழியில் விரைவாக அனுப்பும் ஃபாஸ்ட்ட்ராக் விதியை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் தரவு அந்த வேக வரம்புக்கு அகப்படாமல் போய்விடும்.

யார் எந்தத் தளத்துக்குப் போனார் என்பதைப் பதியவே வேண்டாம். பில்லுக்கு அது தேவையில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில், தேவையற்ற தரவைச் சேர்ப்பது வீண் தலையிடி. வீட்டுப் பக்கேஜ் ஒன்றைக் காசுக்குப் பகிர ஒப்பந்தம் இடமளிக்கிறதா என்று நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டிசம்பர் போயாவுக்கு (பௌர்ணமிக்கு) மலையேறும் சீசன் தொடங்குமுன் ஒரு நாள் சோதித்துப் பாருங்கள். ஒரு சீட்டில் நுழைந்து, 5 ஜிபி கோப்பு ஒன்றை ஒரே மூச்சில் இறக்குங்கள். அடுத்த சீட்டில் பாதி இறக்கியபோது ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்குங்கள். முதல் பில் சரியாகவும், இரண்டாவது பில் கடைசி 5 நிமிடப் பாவனைக்கு மேல் குறையாமலும் வந்தால் அந்த ஐ3 போதும்.