சுருள் கேலக்ஸிகளைச் சூழ்ந்த சூடான வாயு: கேள்வி பதில்

கே: பக்கத்தில் எதுவும் எரியாதபோது இந்த வாயு எப்படி இவ்வளவு சூடாகிறது?

விழுந்த வேகத்தில்தான். கேலக்ஸியின் ஈர்ப்பு வெளி வாயுவை நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் உள்ளே இழுக்கிறது. ஏற்கெனவே அங்கிருக்கும் வாயுவில் அது மோதும்போது வேகம் வெப்பமாகிறது. நம் பால்வீதியைச் சுற்றி சுமார் 20 லட்சம் டிகிரி. 1956-லேயே வானியலாளர் லைமன் ஸ்பிட்சர் நம் கேலக்ஸியைச் சூழ்ந்து இப்படி ஒரு வாயு உறை இருக்கும் என்று எழுதிவிட்டார்.

கே: அதற்குள் போனால் வெந்துவிடுவோமா?

அந்த வாயு சுடாது. வெளிப்பகுதியில் பத்து லிட்டருக்கு ஓர் அணு தேறினாலே பெரிது.

கே: ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் கரும்பொருள் (டார்க் மேட்டர்) என்கிறார்களே, இதுதான் அதுவா?

இல்லை. இது சாதாரண அணு. எக்ஸ் கதிர் விடுகிறது. கரும்பொருள் எந்த ஒளியும் விட்டு யாரும் பார்த்ததில்லை.

கே: சந்திரா என்ற எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கியில் ஒரு படம் எடுத்தால் தெரிந்துவிடாதா?

அவசரப்படாதீர்கள். அடர்த்தி பாதியானால் ஒளி கால் பங்காகிவிடும். அதனால் ஓரத்துக்குப் போகப்போக மங்கல்தான். அதன் மேல் நம் பால்வீதியின் சொந்த உறை, சூரியக் காற்று, கருவியில் மோதும் துகள்கள் என்று எல்லாம் சேர்ந்து விழும். என்.ஜி.சி. 5746 என்ற சுருள் கேலக்ஸியைப் பாருங்கள். அதைச் சுற்றி உறை தெரிகிறது என்று 2006-இல் அறிவித்தார்கள். 2009-இல் கூடுதல் தரவும் திருத்திய அளவீடும் வந்ததும் அந்த ஒளி காணாமல் போனது. அதைச் சொன்னவர்களில் முதலில் அறிவித்தவர்களே இருந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடியது. இந்தப் பின்புல ஒளியைச் சரியாகக் கழிக்காத உறையை நம்பாதீர்கள்.

கே: ஒரு தவறை வைத்து எல்லாவற்றையும் சந்தேகிப்பதா? என்.ஜி.சி. 4631-இல் உறை நன்றாகவே தெரிகிறதே!

தெரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே நட்சத்திரங்கள் மும்முரமாகப் பிறக்கின்றன, வெடிக்கின்றன. கேலக்ஸியின் நட்சத்திரத் தட்டிலிருந்து மேலே வீசப்பட்ட வாயுவும் எக்ஸ் கதிரில் அப்படித்தான் ஒளிரும். நாம் தேடுவது வெளியிலிருந்து விழுந்த வாயு.

கே: அப்படியானால் விழுந்த வாயுவை யாருமே பார்த்ததில்லை என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. என்.ஜி.சி. 1961 மிகக் கனமான சுருள் கேலக்ஸி. 2011-இல் சந்திராவும் 2013-இல் எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற இன்னொரு எக்ஸ் கதிர் தொலைநோக்கியும் அதன் உறையைக் கண்டன, ஏறக்குறைய 1.5 லட்சம் ஒளியாண்டு வரை. இரண்டு தனித்தனிக் கருவிகள், அதனால் நம்புகிறேன். ஈர்ப்பு அதிகமானால் வாயுவும் அதிகம், சூடும் அதிகம். சின்ன கேலக்ஸிகளில்தான் சிக்கல்.

கே: கரும்பொருளும் இந்த வாயுவும் ஒன்றா?

மூன்றாவது பதிலைப் படியுங்கள்.

கே: கருந்துளைக்குள் என்ன இருக்கிறது?

அது என் துறை இல்லை. சார்பியல் தெரிந்தவரைக் கேளுங்கள்.

கே: நானே தரவை எடுத்துப் பார்க்கலாமா?

தாராளமாக. சந்திராவின் தரவுக் களஞ்சியம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. எக்ஸ் கதிருக்கு நீலம் பூசி வழவழப்பாக்கிய படத்தில் தொடங்காதீர்கள், மூலப் படத்தைத் திறங்கள். வெறும் புள்ளிகள்தான் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ஃபோட்டான் (ஒளித்துகள்), இல்லையென்றால் கருவியில் மோதிய ஒரு துகள். பளிச்சென்ற புள்ளிக்கூட்டங்களை மறைத்துவிட்டு, கேலக்ஸிக்கு வெளியே ஒரு வட்டத்திலும் தள்ளி வெற்று வானில் அதே அளவு வட்டத்திலும் எண்ணுங்கள். இரண்டுக்கும் எவ்வளவு கொஞ்சமாக வித்தியாசம் வருகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் எழுதுங்கள்.