நைட்ரேட்டுல எலக்ட்ரான் 30ஆ, 32ஆ, 24ஆ?

கேள்வி: சார், பொண்ணு பதினொண்ணாவது படிக்கிறா. நைட்ரேட் அயனில எத்தனை எலக்ட்ரான்னு கேட்டதுக்கு அவ 30ன்னு போட்டா, கைடுல 32, டியூஷன்ல 24ன்னு சொன்னாங்களாம். எதை நம்புறது?

பதில்: கைடும் சரி, டியூஷனும் சரி. பாப்பா போட்டதுதான் தப்பு, ஆனா பாதி கிளாஸ் விழுற குழிலதான் அவளும் விழுந்திருக்கா.

நைட்ரேட்னா (NO₃⁻) ஒரு நைட்ரஜன், மூணு ஆக்சிஜன், மேல மைனஸ் ஒண்ணு. மின்சுமை இல்லாத அணுவுல அணு எண் எவ்வளவோ அத்தனை எலக்ட்ரான். நைட்ரஜனோட அணு எண் 7, ஆக்சிஜன் 8, மூணு ஆக்சிஜனுக்கு 24, ஆக மொத்தம் 31. இதுவரைக்கும் சரியாதான் வந்திருப்பா. அப்புறம் மேல மைனஸ் ஒண்ணு இருக்கேன்னு அதுல ஒண்ணை கழிச்சிருப்பா, அங்கதான் வழுக்கிருச்சு. எலக்ட்ரானை காசா நினைக்கக்கூடாது, கடனா நினைக்கணும். கடன் ஏறுனாதானே கணக்கு மைனஸ்ல போகும்? அப்போ மைனஸ் ஒண்ணுன்னா ஒரு எலக்ட்ரான் கூடுதலா வந்து உக்காந்திருக்குன்னு அர்த்தம், 32. பிளஸ்னா கடன் அடைஞ்சிருக்கு, கழிக்கணும். அம்மோனியம் அயனிக்கு 7ம் நாலு ஹைட்ரஜனும் சேர்த்து 11, பிளஸ் ஒண்ணு, அதனால 10. சோடியம் அயனியும் அதேதான், 11ல ஒண்ணு போனா 10.

சல்ஃபேட்டுல இன்னொரு வம்பு. சல்ஃபருக்கு 16ம் நாலு ஆக்சிஜனுக்கு 32ம் சேர்த்து 48, மேல மைனஸ் ரெண்டு இருக்குறதால ரெண்டு கூடும், ஆக 50. அந்த ரெண்டு முழு அயனிக்கும் சேர்த்து ஒரே தடவைதான், ஆக்சிஜனுக்கு ரெண்டு ரெண்டா கூட்டி 56ன்னு எழுதின பேப்பரெல்லாம் நான் திருத்தியிருக்கேன்.

சரி, 24 எங்கேருந்து வந்துச்சு? அது வெளிக்கூட்டுல இருக்குற எலக்ட்ரான் மட்டும், அதைத்தான் இணைதிறன் எலக்ட்ரான்னு சொல்வாங்க, லூயிஸ் அமைப்பு (எலக்ட்ரானை புள்ளியா போட்டு காட்டுற படம்) வரையறதுக்கு எண்ணுறது. நைட்ரஜனுக்கு 5, மூணு ஆக்சிஜனுக்கு 18, மைனஸுக்கு ஒண்ணு. இங்க இருக்குற நாலு அணுவுக்கும் உள்கூட்டுல ரெண்டு ரெண்டு, மொத்தம் 8, அதை 24ஓட கூட்டிப் பாருங்க, அதே 32 வந்து நிக்கும். கேள்வில "மொத்த"ன்னு இருக்கா "இணைதிறன்"னு இருக்கான்னு பாக்காம எழுதினாதான் சிக்கல்.

இன்னொண்ணு, எண்ணும்போது நிறை எண் (புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த எண்ணிக்கை) பக்கமே போகக்கூடாது. கனநீர் (ஹைட்ரஜன்ல கூடுதலா நியூட்ரான் இருக்குற தண்ணி), சாதா தண்ணி, ரெண்டுக்கும் எலக்ட்ரான் 10தான், நியூட்ரான் எத்தனை ஏறுனாலும் அதுக்கு மின்சுமை கிடையாது. 1.8 கிராம் தண்ணில எத்தனை எலக்ட்ரான்னு கேட்டா மட்டும் எடை வேணும்: அது 0.1 மோல், ஒரு மூலக்கூறுக்கு 10, ஆக சரியா ஒரு மோல் எலக்ட்ரான். அப்படியே அவகாட்ரோ எண்ணை (ஒரு மோல்ல இருக்குற எண்ணிக்கை) எழுதிட்டு அடுத்த கேள்விக்கு போகச் சொல்லுங்க.