கட்டுமானக் கேள்வி பதில்: எந்த வரைபடம் செல்லும்?

கேள்வி: பாளையங்கோட்டையில் கல்யாண மண்டபம் ஒன்றைக் கட்டித் தரும் ஒப்பந்தக்காரர் நான். வரைபடங்கள் சென்னையிலிருந்தும், கம்பி விவரம் மதுரை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடமிருந்தும், தரச் சான்றிதழ்கள் கடைக்காரர்களிடமிருந்தும் வாட்ஸ்அப்பில் வருகின்றன. ஒரு பீமுக்குப் பழைய வரைபடத்தைப் பார்த்து 12 மி.மீ. கம்பி கட்டிவிட்டார்கள், திருத்திய வரைபடத்தில் 16 மி.மீ. என்று இருந்தது. கான்கிரீட் போடுவதற்கு முன் தெரிந்து பிரித்துவிட்டோம். இனி இப்படி நேராமலிருக்க விலையுயர்ந்த மென்பொருள் வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: 16 மி.மீ. கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 201 சதுர மி.மீ.; 12 மி.மீ. கம்பிக்கு 113தான். எண்ணிக்கை மாறாதிருந்தால், சேர வேண்டிய இரும்பில் பாதிக்குச் சற்று மேல்தான் அந்த பீமில் சேர்ந்திருக்கும். முன்கூட்டியே பிரித்தது பெரிய காரியம்.

மென்பொருள் பிறகு இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் பத்து வரைபடங்கள் கிடக்கும்போது, இன்றைக்கு எது செல்லும் என்று கம்பி கட்டுபவருக்கு எப்படித் தெரியும்? 2018-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 19650 தரநிலை இதற்கு வழி சொல்கிறது: கோப்புகளை எல்லோருக்கும் பொதுவான ஓரிடத்தில் வைத்து, தயாரிப்பில் இருப்பது, பார்வைக்குப் பகிர்ந்தது, வேலைக்கு ஒப்புதலானது, காலாவதியானது என நான்கு நிலைகளாகப் பிரிக்க வேண்டும். உங்கள் வேலைக்கு கூகுள் டிரைவில் நான்கு ஃபோல்டர்கள் போதும். கோப்பின் பெயரிலேயே வரைபட எண்ணும் திருத்த எண்ணும் இருக்கட்டும். ஒப்புதல் ஃபோல்டரில் கோப்பு சேர்க்கும் பொறுப்பு ஒருவருக்கு மட்டுமே இருக்க வேண்டும். புதியது வந்த அன்றே அவர் பழையதை அங்கிருந்து அகற்றுவதோடு, சைட்டில் ஒட்டியிருக்கும் பழைய தாளையும் எடுக்கச் சொல்லி மேஸ்திரியிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அடுத்ததை நான் அதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். ஒவ்வொரு கம்பியின் விட்டம், நீளம், வளைவு, எண்ணிக்கை ஆகியவற்றைச் சொல்லும் கம்பி வளைப்புப் பட்டியலைப் படம் பிடித்து அனுப்பினால், பெறுகிறவர் மறுபடி கையால் தட்டச்சு செய்ய வேண்டும். பிழை நுழைவது அங்கேதான். எக்செல் கோப்பாகவே கேட்டு வாங்குங்கள். மி.மீ.யில் எடுத்த விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு இத்தனை கிலோ என்று வந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அந்தக் கணக்கைப் பட்டியலிலேயே எழுதிவிட்டால், இன்ஜினீயர் போட்ட எடையும் கடைக்காரர் பில்லில் வரும் எடையும் பொருந்துகின்றனவா என்று உடனே பார்த்துவிடலாம்.

அளவைகளிலும் கவனம் வேண்டும். எம்-சாண்டையும் ஜல்லியையும் நம் பக்கம் யூனிட் கணக்கில் பேசுகிறோம். வரைபடக்காரர் கன மீட்டரில் எழுதுகிறார். எடைமேடைச் சீட்டு டன்னில் வருகிறது. ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது சுமார் 2.83 கன மீட்டர். எண்ணுக்குப் பக்கத்தில் அளவை எழுதாத பட்டியலை ஏற்காதீர்கள். தமிழில் எழுதும் பட்டியல் யூனிகோடில் இருக்கட்டும். பழைய எழுத்துருவில் அடித்தது அடுத்தவர் கணினியில் குப்பையாகத்தான் திறக்கும்.

சென்னை அலுவலகம் முப்பரிமாண மாதிரி தயாரிப்பதாக இருந்தால், ஐ.எஃப்.சி. என்ற பொதுக் கோப்பு வடிவத்திலும் ஒரு பிரதி கேளுங்கள். 2013-இல் ஐ.எஸ்.ஓ. 16739 என்ற தரநிலையாக ஏற்கப்பட்ட இந்தத் திறந்த வடிவத்தை இலவசமாகக் கிடைக்கும் பார்வை மென்பொருள்களிலேயே திறக்கலாம்; எந்த நிறுவனத்தின் உரிமத்தையும் நீங்கள் வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: வள்ளியூர் அருகே சாம்பல் செங்கல் உற்பத்தி செய்கிறோம். பொருளின் தொழில்நுட்பத் தகவலை மின்னணு வடிவில் தரும்படி ஒரு கட்டுமான நிறுவனம் கேட்கிறது. எதையெல்லாம் தர வேண்டும்?

பதில்: அளவை 9-க்கு 4-க்கு 3 என்று அங்குலத்தில் சொல்லாமல், அச்சிலிருந்து வந்த கல்லை அளந்து மில்லிமீட்டரில் எழுதுங்கள். அமுக்க வலிமை, நீர் உறிஞ்சும் விழுக்காடு, பரிசோதித்த கூடத்தின் பெயர், நாள், எந்தத் தொகுதிக் கல் என்ற விவரம் ஆகியவற்றை ஒவ்வொன்றும் தனிக் கட்டத்தில் அமையும்படி ஒரே தாளில் நிரப்புங்கள். சான்றிதழின் ஸ்கேனை உடன் இணைக்கலாம், ஆனால் எண்கள் அந்தத் தாளிலும் இருக்க வேண்டும். சாம்பல் வரத்தோ கலவையோ மாறினால் மறுபடி பரிசோதித்துப் புதிய தாளை அனுப்புங்கள். பழைய தாள் யாரிடமெல்லாம் போயிருக்கிறதோ, அவர்கள் அனைவருக்கும் அது போய்ச் சேர வேண்டும்.