அமெரிக்காவில் விசாவில் இருப்பவருக்குப் பேச்சுரிமை உண்டா?

உண்டு. ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது.

பேச்சுரிமை என்றால், சொன்ன கருத்துக்காக அரசாங்கம் உங்களைத் தண்டிக்கக் கூடாது என்பதுதான். இந்திய அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு அதைக் 'குடிமக்களுக்கு' என்று வரையறுக்கிறது. 1791இல் வந்த, அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தமோ குடிமக்கள் என்ற பேச்சையே எடுப்பதில்லை. அரசின் கையைத்தான் கட்டுகிறது.

அமெரிக்கத் துறைமுகத் தொழிலாளர்களின் தலைவர் ஹாரி பிரிட்ஜஸ் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். கம்யூனிஸ்ட் தொடர்பு என்று சொல்லி அவரை நாடு கடத்தப் பல ஆண்டுகள் முயன்றார்கள். 1945இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. அங்கு வாழும் வெளிநாட்டவருக்கும் பேச்சுரிமை உண்டு என்று தீர்ப்பில் எழுதியது. ஏழே ஆண்டில், 1952இல், முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர்களை நாடு கடத்தலாம் என்றது அதே நீதிமன்றம்! குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. 2025இல் பாலஸ்தீன ஆதரவுப் போராட்டங்களுக்காக வெளிநாட்டு மாணவர்கள் சிலர் கைதானபோது எழுந்த வழக்குகளும் இந்தப் புள்ளியைத்தான் சுற்றி வந்தன.

வாடகை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே என்ன பேசினாலும் வீட்டுக்காரர் உங்களை ஜெயிலில் போட முடியாது. ஆனால் பதினோரு மாத ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது அவர் கையில். விசா நீட்டிப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். வாயை அடைக்க அந்த பயமே போதும் என்பது என் எண்ணம்.

இன்னொன்றைப் பலரும் தவறாக நினைக்கிறார்கள். உண்மையில், ஃபேஸ்புக்கில் எழுதியதற்காகத் தனியார் கம்பெனி வேலையை விட்டு நீக்கினால் முதல் திருத்தம் துணைக்கு வராது, நீங்கள் அமெரிக்கக் குடிமகனாகவே இருந்தாலும்.